மோதலுக்குப் பின் கப்பல்கள்: ஹேலிபாக்ஸ் துறைமுகம், 1917

முன்னுரை

துறைமுகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் வணிகத்தின் பெருக்கத்தையும் ஆட்சியின் மாற்றங்களையும் கொண்டே அவ்வரலாற்றை அளந்து செல்வது வழக்கம். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிய நிகழ்ச்சிகள் அத்தகைய நூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறுவதில்லை. 1909ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அதிகாலையில், சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்த ‘லா சேன்’ எனும் பிரெஞ்சு அஞ்சல் கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ‘ஓண்டா’வோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று இந்நாட்டில் அதனை அறிந்தோர் எத்தனை பேர்? மோதல் என்பது நொடியில் நிகழ்ந்து நொடியில் முடிந்துவிடும் விபத்து, அதற்கு முன்னும் பின்னும் வரலாறு இல்லை என்னும் எண்ணமே இம்மறதிக்கு அடிப்படை எனலாம்.

ஆயின், மோதிய கப்பலின் கதை மோதலோடு முடிவதில்லை. அது கரையிலிருந்து மீட்கப்படுகிறது. நீதிமன்றத்தில் பொறுப்பேற்க நிறுத்தப்படுகிறது. செப்பனிடப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, வேறொரு கடலில் வேறொரு தொழிலுக்குச் செல்கிறது. முற்றாக அழிந்துபோன கப்பலும்கூடத் துண்டு துண்டாக ஓர் ஊரின் நினைவில் தங்கிவிடுகிறது. இதனைக் கப்பலின் ‘பின்வாழ்வு’ என நாம் இங்குக் குறிப்பிடுகிறோம். கனடாவின் ஹேலிபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6ஆம் நாள் மோதிக்கொண்ட இரு கப்பல்களின் பின்வாழ்வை, அத்துறைமுகக் கரையில் வாழ்ந்த மக்களின் பின்வாழ்வோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புதிய ஆவணம் எதனையும் நாம் கண்டெடுத்து முன்வைக்கவில்லை. பலரும் எழுதிய செய்திகளையே வேறொரு வரிசையில் அடுக்கிப் பார்க்கிறோம். கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வரிசை முற்றிலும் அயலானதன்று என்பது நம் எண்ணம்.

துறைமுகத்தின் இயல்பு

நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் தலைநகராகிய ஹேலிபாக்ஸ், 1749ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் கடற்படைத் தளமாக நிறுவப்பட்ட நகரம். குளிர்காலத்திலும் உறையாத ஆழமான துறைமுகம் அதன் செல்வம். கடலிலிருந்து உள்ளே செல்லும் கப்பல், மேற்கே ஹேலிபாக்ஸ் நகரையும் கிழக்கே டார்ட்மவுத் ஊரையும் கடந்து, ‘நேரோஸ்’ எனப்படும் குறுகிய நீர்வழியினூடே புகுந்து, பெட்போர்டு உள்குடாவை அடையும். அக்குறுகிய வழியின் அகலம் ஏறத்தாழ 500 மீட்டரே. உள்குடாவோ ஒரு பெருங் கப்பற்படையையே ஒளித்துவைக்கப் போதுமானது.

முதல் உலகப் போரில் செருமானிய நீர்மூழ்கிகளின் தாக்குதல் மிகுந்தபோது, சரக்குக் கப்பல்களைத் திரட்டிப் போர்க்கப்பலின் காவலோடு அட்லாண்டிக் கடலைக் கடக்கச் செய்யும் முறை 1917இல் நடைமுறைக்கு வந்தது. அக்கப்பல்கள் கூடும் இடமாகப் பெட்போர்டு உள்குடா அமைந்தது. துறைமுக வாயிலில் நீர்மூழ்கித் தடுப்பு வலைகள் கட்டப்பட்டிருந்தன. மாலையில் வலை மூடப்பட்டால் மறுநாட் காலைவரை உள்ளிருப்போர் உள்ளேயும் வெளியிருப்போர் வெளியேயும் காத்திருக்க வேண்டியதுதான். போருக்கு முன் வெடிமருந்துக் கப்பல்கள் துறைமுகத்தின் உட்பகுதிக்குள் விடப்படவில்லை. போர் அவ்விதியைத் தளர்த்திற்று. பாதுகாப்பிற்கென வந்த வலை, ஒரே காலை வேளையில் பல கப்பல்களை ஒரே குறுகிய வழியில் நெருக்கியடிக்கச் செய்தது என்பதும் கருதத்தக்கது.

மோதல்

‘இமோ’ நார்வே நாட்டுக் கப்பல். செருமானியர் பிடியிலிருந்த பெல்ஜியத்து மக்களுக்கு உணவு அனுப்பும் நிவாரணக் குழுவின் பணியில் அது இருந்தது. நியூயார்க்கில் தானியம் ஏற்றுவதற்காகச் சரக்கின்றி வெறுங்கப்பலாகச் சென்றுகொண்டிருந்தது. பெல்ஜிய நிவாரணம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பேரெழுத்துகள் அதன் பக்கங்களில் எழுதப்பட்டிருந்தன. டிசம்பர் 5ஆம் நாளே புறப்பட அதற்கு இசைவு கிடைத்தது. ஆனால், நிலக்கரி வந்து சேரக் காலந்தாழ்ந்தமையால் வலை மூடிவிட்டது. இமோ உள்ளே தங்கியது.

அதே மாலை, நியூயார்க்கிலிருந்து வந்த ‘மோன் பிளாங்’ எனும் பிரெஞ்சுக் கப்பல், வலை மூடியமையால் வெளியே தங்கியது. 1899இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் கட்டப்பட்ட இப்பழைய சரக்குக் கப்பலில் ஏறத்தாழ 2,300 டன் பிக்ரிக் அமிலமும் 200 டன் டி.என்.டி.யும் 10 டன் வெடிபஞ்சும் அடைக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, எளிதில் தீப்பற்றும் பென்சால் எண்ணெய் 35 டன் அளவில் பீப்பாய்களில் மேல்தளத்தில் அடுக்கப்பட்டிருந்தது. வெடிபொருளுக்குரிய செங்கொடி ஏற்றப்படவில்லை. போர்க்காலத்தில் அக்கொடி பகைவருக்கு அடையாளம் காட்டிக் கொடுக்கும் என்பது காரணம். ஆகவே, அக்கப்பலில் இருந்தது என்னவென்று துறைமுகத்தில் மிகச் சிலரே அறிந்திருந்தனர்.

மறுநாட் காலை இரு கப்பல்களும் நகர்ந்தன. உள்ளே வரும் மோன் பிளாங்கிற்குத் துறைமுக வழிகாட்டி பிரான்சிஸ் மாக்கி. கப்பல் தலைவர் எமே லெ மெடெக். வெளியேறும் இமோவிற்கு வழிகாட்டி வில்லியம் ஹேய்ஸ். தலைவர் ஹாக்கோன் ஃபிரோம். குறுகிய நீர்வழியில் ஒவ்வொரு கப்பலும் தனக்கு வலப்புறமாகவே செல்லவேண்டும் என்பது விதி. இமோ முதலில் எதிர்ப்பட்ட அமெரிக்கக் கப்பல் ஒன்றுக்கு, ஒலிக்குறியால் உடன்பட்டு, இடப்புறம் விலகி வழிவிட்டது. அடுத்து, இரு சரக்குத் தெப்பங்களை இழுத்துவந்த ‘ஸ்டெல்லா மாரிஸ்’ எனும் இழுவைக் கப்பலுக்காக மேலும் டார்ட்மவுத் கரைப்பக்கம் ஒதுங்கியது. இவ்வாறு, ஒவ்வொரு முறையும் நியாயமான காரணத்தோடு, தனக்குரியதல்லாத பாதையில் அது வந்து நின்றது. அதன் வேகமும் துறைமுக விதியை மீறியதாகவே சாட்சிகள் கூறினர். அப்பாதைக்கு உரிய கப்பல் மோன் பிளாங்.

மோன் பிளாங் ஒரு குறுகிய ஊதல் ஒலியை எழுப்பியது. ‘வலப்புறம் செல்கிறேன்’ என்பது அதன் பொருள். இமோ இரண்டு ஒலிகளால் மறுமொழி தந்தது. ‘இடப்புறம் செல்கிறேன்’ என்பது அதன் பொருள். மோன் பிளாங் மீண்டும் ஒன்று ஒலித்தது. இமோ மீண்டும் இரண்டு ஒலித்தது. அருகிலிருந்த கப்பல்களின் மாலுமிகள் இவ்வொலிகளைக் கேட்டே ஏதோ நேரப்போகிறது என்று தளத்திற்கு வந்து பார்த்தனர். இறுதி நேரத்தில் மோன் பிளாங் இடப்புறமாகத் திரும்பி இமோவின் முகப்பைக் குறுக்கே கடந்து தப்ப முயன்றது. அதே வேளையில் இமோ தன் எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கியது. சரக்கில்லாத கப்பல் பின்னோக்கி இயங்கும்போது அதன் முகப்பு ஒருபக்கம் சாயும். அம்முகப்பு மோன் பிளாங்கின் வலப்பக்கத்தில் மோதியது. நேரம் காலை 8.45.

ஒரு செய்தியை இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். இவ்விரு கப்பல்களில் எந்த ஒன்று தனியே தன் முடிவில் நின்றிருந்தாலும் மோதல் நேர்ந்திராது. இருவரும் ஒரே கணத்தில் விட்டுக்கொடுக்க முனைந்ததே மோதலாக முடிந்தது. விதி, ஊழ் என்று பேசும் வெகுசன நூல்கள் இந்நுட்பத்தைத் தவறவிடுகின்றன. வழக்கத்தால் விதியைத் தளர்த்திக்கொண்ட ஒரு துறைமுகம், அத்தளர்வுக்கு இடமளிக்காத ஒரு சரக்கை உள்ளே விட்டது என்பதே நாம் காணும் காரணம்.

மோதலின் சேதம் சிறியதே. இமோ பின்வாங்கியபோது இரும்போடு இரும்பு உராய்ந்து எழுந்த பொறி, உடைந்த பீப்பாய்களிலிருந்து வழிந்த பென்சாலைப் பற்றிக்கொண்டது. மோன் பிளாங் மாலுமிகள் இரு படகுகளில் இறங்கி டார்ட்மவுத் கரைக்குத் துடுப்பு வலித்தனர். வழியில் கண்டோரையெல்லாம் எச்சரித்துக் கத்தினர். ஆனால் பிரெஞ்சு மொழியில். ஆளற்ற கப்பல் எரிந்தபடியே மிதந்து சென்று, ஹேலிபாக்ஸ் நகரின் ரிச்மண்ட் பகுதியில் ஆறாம் துறைமேடையை அடைந்தது. தீயை வேடிக்கை பார்க்க மக்கள் கூடினர். பலர் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளுக்குப் பின்னே நின்று பார்த்தனர். 9 மணி 4 நிமிடத்தில் கப்பல் வெடித்தது.

அந்தக் காலையில் இருந்தோர்

அணுகுண்டுக்கு முற்பட்ட காலத்தில் மனிதன் உண்டாக்கிய வெடிப்புகளுள் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1,782 பேர் இறந்ததாகப் பெயர்வழி உறுதிசெய்யப்பட்டுள்ளது. காயமுற்றோர் 9,000 பேர். 1,630 வீடுகள் அடியோடு அழிந்தன. 12,000 வீடுகள் சேதமுற்றன. சன்னல் வழியே பார்த்து நின்றோரின் கண்களில் கண்ணாடித் துகள்கள் பாய்ந்தன. கண்காயம் பட்டோர் மட்டும் 5,900 பேர் எனப் பதிவாகியுள்ளது. மறுநாள் கடும் பனிப்புயல் வீசியது. அண்டை நாட்டு நகரமாகிய பாஸ்டனிலிருந்து மருத்துவர்களோடு வந்த இரயில் அப்பனியில் சிக்கித் தாமதமாகியே வந்து சேர்ந்தது.

இறந்தோரை அடையாளங்காண, செபக்டோ சாலைப் பள்ளிக்கூடம் பிணவறையாக மாற்றப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட். 1912இல் டைட்டானிக் கப்பலில் மாண்டோரின் உடல்கள் ஹேலிபாக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, உடலுக்கு ஓர் எண், அவ்வெண்ணிட்ட பையில் உடைமைகள் என ஒரு முறையை வகுத்தவர் அவருடைய தந்தையார். மகன் அதே முறையைப் பின்பற்றினார். உரிமை கோரப்படாத சில பைகள் இன்றும் அந்நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

தீயணைக்கச் சென்ற கலங்களையும் இங்கு எண்ண வேண்டும். ஸ்டெல்லா மாரிஸ் தன் தெப்பங்களை நங்கூரமிட்டுவிட்டு எரியும் கப்பலுக்குத் திரும்பி நீர் பாய்ச்சியது. 1882ஆம் ஆண்டளவில் கடற்படைப் பீரங்கிக் கலமாகப் பிறந்து, முதுமையில் இழுவைத் தொழிலுக்கு வந்த கலம் அது. அதன் தலைவர் ஹொரேஷியோ பிரானனும் பணியாளர் பத்தொன்பது பேரளவும் மாண்டனர். நடுநீரில் நங்கூரமிட்டிருந்த ‘ஹைஃபிளையர்’ எனும் பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து ஒரு படகில் எழுவர் சென்றனர், ஒருவரே மீண்டார். கரையோரத்தில் இருந்த ‘பிக்டன்’ எனும் கப்பலிலும் வெடிகுண்டுகள் இருந்தன. அதில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் பெரும்பாலோர் வெடிப்பில் இறந்தனர். கப்பல் நிறுவன அலுவலர் ஜேம்ஸ் ஹாரிசன் தனியே அதில் ஏறி, கட்டறுத்துத் தீயிலிருந்து விலக்கினார். இரண்டாவது பெருவெடிப்பு நேராமற் போனதற்கு அவர் ஒரு காரணம். தொடர்வண்டிச் செய்தியாளர் வின்ஸ் கோல்மன், தப்பியோட நேரமிருந்தும் தந்திப் பொறிக்குத் திரும்பி, வந்துகொண்டிருந்த வண்டிகளை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பி மாண்டது கனடா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கதை.

நீதிமன்றத்தில் கப்பல்கள்

வெடிப்பின் பின் நகர மக்களின் ஐயம் முதலில் செருமானியர் மேல் விழுந்தது. இமோவின் சுக்கான் பிடித்த நார்வே மாலுமி உளவாளி எனப் பிடிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். டிசம்பர் 13ஆம் நாள், இறந்தோரை இன்னும் முற்றாக அடக்கம் செய்யாத நிலையில், நீதிபதி ஆர்தர் டிரைஸ்டேல் தலைமையில் விசாரணை தொடங்கியது. 1918 பிப்ரவரியில் வெளியான முடிவு, லெ மெடெக், மாக்கி, கடற்படை அதிகாரி வயட் ஆகிய மூவரைக் குற்றவாளிகளாக்கியது. இமோவின் தலைவரும் வழிகாட்டியும் வெடிப்பில் இறந்துபோயினர். அவர்கள் தம் தரப்பைக் கூற இயலவில்லை. உயிரோடிருந்தோரே பழியைச் சுமந்தனர். மூவரும் கைது செய்யப்பட்டனர். மாக்கியை நீதிமன்றம் விடுவித்தது. வயட் குற்றமற்றவர் எனச் சான்றாயர் தீர்ப்பளித்தனர். மாக்கிக்கு வழிகாட்டி உரிமம் மீண்டும் கிடைத்தது 1922இல்தான். லெ மெடெக்கோ தம் நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்றியதோடு 1931இல் பிரெஞ்சு அரசின் விருதும் பெற்றார்.

இழப்பீடு கோரும் வழக்கு தனியே நடந்தது. கடல்வழக்குச் சட்டத்தில் கப்பலே ஒரு கட்சிக்காரர்போல் நிற்கும். கனடா உச்ச நீதிமன்றத்தில் அவ்வழக்கின் தலைப்பு, பிரெஞ்சு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ‘இமோ எனும் கப்பல்’ என்றே அமைந்தது. டிரைஸ்டேல் 1918இல் மோன் பிளாங் மீதே முழுப் பழியையும் சுமத்தினார். 1919 மே மாதம் உச்ச நீதிமன்றம் இரு கப்பல்களும் சரிபாதிப் பொறுப்புடையன என்றது. 1920 மார்ச் 22ஆம் நாள் இலண்டன் பிரிவி கவுன்சில் அதனை உறுதிசெய்தது. இந்தியாவுக்கும் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் இறுதி நீதியாக விளங்கிய அதே மன்றந்தான் இது. நம் நாட்டு வழக்குகள் அம்மன்றத்திற்குச் செல்வது முற்றாக நின்றது மலேசியாவில் 1985இலும் சிங்கப்பூரில் 1994இலுமே.

தீர்ப்பு நேர்மையானது என்றே நாமும் கருதுகிறோம். ஆயின், அத்தீர்ப்புப் பேசியது இரு கப்பல்களின் சேதத்தைப் பற்றியே. கரையில் நின்றோர் அவ்வழக்கின் கட்சியினர் அல்லர். அவர்களுக்கான நிவாரணம் 1918இல் அமைந்த வேறோர் ஆணையத்தின் பொறுப்பாயிற்று. அவ்வாணையம் 1976 வரை செயற்பட்டது.

பின்வாழ்வு

இமோவின் பிறவிப் பெயர் ‘ரூனிக்’. 1889இல் பெல்பாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்டு உல்ஃப் தளத்தில் ஒயிட் ஸ்டார் நிறுவனத்திற்காகக் கால்நடை ஏற்றும் கப்பலாக அது கட்டப்பட்டது. டைட்டானிக்கைக் கட்டியதும் அதே தளம், அதே நிறுவனத்திற்காக. 1895இல் கைமாறி ‘டாம்பிகன்’ ஆயிற்று. 1912இல் நார்வே நாட்டுத் திமிங்கில நிறுவனத்திடம் சென்று ‘இமோ’ ஆயிற்று. வெடிப்பு அதனை டார்ட்மவுத் கரைமேல் தூக்கி எறிந்தது. 1918 ஏப்ரல் 26ஆம் நாள் அது மீண்டும் மிதக்கவிடப்பட்டது, செப்பனிடப்பட்டது. 1920இல் ‘குவர்னோரன்’ எனப் புதுப்பெயர் பெற்றது. ஆளுநர் என்பது அப்பெயரின் பொருள். திமிங்கில எண்ணெய் ஏற்றும் கப்பலாகத் தென்கடலுக்குச் சென்றது. 1921 நவம்பர் 30ஆம் நாள், மோதல் நிகழ்ந்து நான்காண்டு நிறைய ஆறு நாள் எஞ்சியிருக்கையில், பாக்லந்துத் தீவுகளின் பாறைகளில் ஏறிக் கைவிடப்பட்டது. நான்கு பெயர்கள், மூன்று தொழில்கள். இத்தனைக்கும் அதனை உலகம் அறிந்தது மூன்றாம் பெயரால், ஒரு காலைப்பொழுதின் பொருட்டு.

மோன் பிளாங்கின் பின்வாழ்வு வேறு வகையானது. 517 கிலோ எடையுள்ள அதன் நங்கூரத் தண்டு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் பறந்து நகரின் மறுபுறம் விழுந்தது. பீரங்கிக் குழல் ஒன்று டார்ட்மவுத் பக்கம் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் கிடந்தது. முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு அயல்நாட்டில் தங்கியிருந்த நாட்களில் ஒரு குளிர்காலத்தில் அந்நங்கூரத்தைக் காணச் சென்றோம். விழுந்த இடத்திற்கு அண்மையிலேயே, ஒரு தெருமுனையில், சிறு பூங்காவின் நடுவே அது நிறுத்தப்பட்டுள்ளது. அத்தெருவுக்கே நங்கூரத்தின் பெயர். வீடுகளில் கதவைத் தட்டி வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து ஓட்டுநரே இறங்குமிடம் சொன்னார்.

இவ்வரிசையில் நமக்கு நெருக்கமானது ஹைஃபிளையர். இந்தியப் பெருங்கடலைக் காத்த கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவில் அது முன்னரும் பணியாற்றியது. போர் முடிந்தபின் 1919இல் அப்பிரிவுக்கே திரும்பித் தலைமைக் கப்பலாயிற்று. 1921 ஜூன் 10ஆம் நாள் பம்பாயில் உடைப்பதற்காக விற்கப்பட்டது. ஹேலிபாக்ஸ் வெடிப்பை நீரிலிருந்து கண்ட ஓர் இரும்புடல் இந்தியக் கரையில் முடிந்தது.

அதே பம்பாயில், 1944 ஏப்ரல் 14ஆம் நாள், விக்டோரியா கப்பல்துறையில் ‘போர்ட் ஸ்டிக்கீன்’ எரிந்தது. கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் 1942இல் கட்டப்பட்ட அக்கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும், தங்கக் கட்டிகளும் இருந்தன. அங்கும் செங்கொடி ஏற்றப்படவில்லை. மாலை 4.06க்கு முதல் வெடிப்பும் 4.34க்கு இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. அருகிலிருந்த ‘ஜலபத்மா’ எனும் கப்பல் கரைமேல் தூக்கி எறியப்பட்டது. இறந்தோர் எண்ணூறுக்கும் மேல் என்றும் ஆயிரத்துக்கும் மேல் என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. தீயணைப்புப் பணியில் மாண்டோர் நினைவாக இந்தியாவில் ஏப்ரல் 14 இன்றும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இதற்கு ஈராண்டு முன்னர், 1942 ஏப்ரலில், ஹேலிபாக்ஸில் ‘டிரான்கேட்’ எனும் வெடிபொருட் கப்பல் தீப்பற்றியது. 1917ஐ மறவாத துறைமுகம் தயங்கவில்லை. ‘செடபக்டோ’ எனும் கடற்படைக் கலம், வெடிக்காத பயிற்சிக் குண்டுகளால் அதனைத் துளைத்து நீரில் ஆழ்த்தியது. நகரைக் காத்த அந்தச் செடபக்டோ, மறுவருடம் அக்டோபரில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் ‘லார்ட் கெல்வின்’ எனும் கம்பிவடக் கப்பலோடு மோதி அழிந்தது. ஹேலிபாக்ஸ் 1917இல் கற்ற பாடம் கனடாவில் கட்டப்பட்ட கப்பலோடு பம்பாய்க்குச் செல்லவில்லை. துறைமுகங்கள் சரக்கைப் பரிமாறிக்கொள்ளும் அளவிற்கு நினைவைப் பரிமாறிக்கொள்வதில்லை போலும்.

கரையில் நின்றோர்

மோன் பிளாங் மாலுமிகள் துடுப்பு வலித்து ஒதுங்கிய டார்ட்மவுத் கரைக்கு அருகில், டர்டில் குரோவ் எனும் மிக்மாக் பழங்குடியினரின் குடியிருப்பு இருந்தது. வெடிப்பும் அதனைத் தொடர்ந்து எழுந்த பேரலையும் அதனை அழித்தன. அங்கு இறந்தோர் எண்ணிக்கை முழுமையாகப் பதிவாகவில்லை. அவ்வூர் மீண்டும் கட்டப்படவில்லை. எஞ்சியோர் வேறிடம் சென்றனர். ஹேலிபாக்ஸின் ரிச்மண்ட் பகுதியிலோ, அதே ஆண்டுகளில், தீப்பற்றாத கற்பாளங்களால் ‘ஹைட்ரோஸ்டோன்’ எனும் அழகிய குடியிருப்பு எழுந்தது. இன்றும் கட்டடக்கலை மாணவர் அதனைக் காணச் செல்கின்றனர்.

உள்குடாக் கரையில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஆப்ரிக்வில் எனும் ஊர் வெடிப்பில் சேதமுற்றது. நிவாரணத்தில் அதற்குக் கிடைத்த பங்கு அற்பமே. நகராட்சி அவ்வூருக்கு நெடுங்காலம் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் தரவில்லை. வரி மட்டும் வாங்கியது. 1960களில் அதே நகராட்சி நகர மேம்பாடு எனும் பெயரால் வீடுகளையும் கோயிலையும் இடித்தது. 2010இல் நகரத் தலைவர் மன்னிப்புக் கோரினார். கப்பலைக் கரையிலிருந்து இறக்க நாலரை மாதம். ஓர் ஊரிடம் மன்னிப்புக் கோர ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

இவ்வேறுபாட்டை அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நாம் படிக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிவந்த ‘ரஜூலா’வும் ‘ரோணா’வும் 1926இல் கட்டப்பட்ட உடன்பிறப்புகள். ரோணா 1943 நவம்பர் 26ஆம் நாள் மத்தியதரைக் கடலில் செருமானிய விமானக் குண்டால் தாக்குண்டு, அமெரிக்கப் படைவீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு மூழ்கியது. ரஜூலா 1973இல் ‘ரங்காட்’ எனப் பெயர் மாறி மறு ஆண்டு உடைக்கப்பட்டது. கப்பல்களின் பிறப்பு, எடை, விற்பனை, இறப்பு யாவும் நாள் தவறாமல் கிடைக்கின்றன. அவற்றின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தோரைப் பற்றி இத்தகைய குறிப்புகள் நமக்கு எத்தனை கிடைக்கின்றன?

சென்ற பருவத்தில் இளங்கலை மாணவர்களிடம், தத்தம் வீட்டு முதியோரைக் கேட்டு வருமாறு ஒரு பணி கொடுத்தோம். பெரும்பாலோர் கப்பலின் பெயரோடு வந்தனர். அதில் உடன் வந்தோரின் பெயர்களோடும் ஊர்களோடும் வந்தோர் மிகச் சிலர். ஒரு மாணவி மட்டும், தம் பாட்டியார் கப்பலில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள் கிள்ளானில் இறங்கியபின் என்ன ஆனாள் என்பது இன்றுவரை தெரியாது என்றதாக எழுதிவந்தார். அப்பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.